மேட்டுக்கு எழுதப்படாத உத்தரவாதம்

இலங்கையில் தனியார் கார்களின் இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் வழிவிடப்பட்ட பிறகு, ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை ஆகிய மலையக நகரங்களின் கடைவீதிகளில் புதிய இலக்கத்தகடுகள் கண்ணில் படத் தொடங்கின. 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளாக இருந்த வாகனத்தையே திருத்தித் திருத்தி ஓட்டிக்கொண்டிருந்த ஆசிரியர்களும், தோட்ட உத்தியோகத்தர்களும், மரக்கறி வியாபாரிகளும், சேமிப்பையும் லீசிங்கையும் சேர்த்து ஒரு குடும்பக் காரை வாங்கியிருக்கிறார்கள். ஒரு தலைமுறைக்கு முன்னர் தோட்டத்தில் கார் என்றால் அது துரையின் கார்தான். அந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகள் இன்று தங்கள் பெயரில் கார் பதிகிறார்கள் என்பது சிறிய மாற்றமல்ல. ஆனால் வரிகளெல்லாம் சேர்ந்து, காரின் மூல விலையைவிடக் கூடுதலான தொகையைச் செலுத்தி வாங்கிய வாகனம் சில மாதங்களிலேயே கதவோரம் தண்ணீர் கசிந்தாலோ, டாஷ்போர்ட் முனகினாலோ, ஏற்றத்தில் கியர் மாறத் தயங்கினாலோ, வாங்கியவருக்கு ஏற்படும் மனக்கசப்பு அந்தத் தொகையின் அளவுக்கே இருக்கும்.

இந்தக் குறைகளைப் பற்றி எங்கள் பகுதியில் நடக்கும் பேச்சைக் கொஞ்சக் காலமாகக் கவனித்து வருகிறேன். பெரும்பாலும் அது இரண்டு முடிவுகளில் ஒன்றில் போய் நிற்கிறது: "இப்ப வாற காரெல்லாம் தகரம்" என்பது ஒன்று, "ஏஜென்ட் ஏமாத்திட்டான்" என்பது மற்றது. இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆயினும் இரண்டும் ஒரு முக்கியமான விடயத்தைத் தவறவிடுகின்றன. உற்பத்தியாளர் தரும் உத்தரவாதம், பொருளிலோ வேலைப்பாட்டிலோ நேர்ந்த குறைக்கு மட்டுமே பொறுப்பேற்கிறது. அதாவது, தாம் வரைந்த வரைபடத்திலிருந்து வாகனம் விலகியிருந்தால் அதைச் சரிசெய்து தருவதாகச் சொல்கிறது. வரைபடமே எங்கள் மேட்டுக்குப் பொருந்தாமல் இருந்தால், எவ்வளவு தாராளமான வொரண்டியும் அதற்குப் பதில் சொல்லாது. மலையகத்தில் நான் கேட்கும் முறைப்பாடுகளில் பணத்தை அதிகம் தின்பவை இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவைதான்.

முதலில், யாருடைய உத்தரவாதம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இங்கே 'புதிய கார்' என்று சொல்லப்படுவது இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, உற்பத்தியாளரின் உள்நாட்டு ஏஜென்ட் கொண்டுவந்து விற்பது. அதற்குக் கையேடும், சேர்விஸ் அட்டவணையும், ஆண்டுகளிலும் கிலோமீற்றரிலும் எல்லை குறித்த வொரண்டியும் உண்டு. மற்றது, ஜப்பானில் ஏலத்தில் எடுக்கப்பட்டோ, அங்குள்ள விற்பனையாளரிடம் வாங்கப்பட்டோ, 'கார் சேல்' எனப்படும் தனியார் கார் விற்பனை நிலையங்கள் வழியாக வருவது. மீற்றரில் சில கிலோமீற்றர் மட்டுமே ஓடியிருந்தாலும், ஆசனத்தின் பொலித்தீன் உறை கழற்றப்படாமலே இருந்தாலும், அது இந்த இரண்டாவது வகைதான். ஜப்பானில் புதிய கார்களுக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் உத்தரவாதம், பொதுவான பாகங்களுக்கு 3 ஆண்டுகள் அல்லது 60,000 கிலோமீற்றர், எஞ்சின், கியர்ப்பெட்டி போன்ற முக்கிய பாகங்களுக்கு 5 ஆண்டுகள் அல்லது 100,000 கிலோமீற்றர். அது ஜப்பானிய மண்ணில் ஓடும் வாகனத்துக்கு மட்டுமே செல்லும். கப்பலேறிய காரோடு அது கூட வருவதில்லை. இதை அறியாமல், டாஷ்போர்ட் பெட்டிக்குள் கிடக்கும் ஜப்பானிய மொழிக் கையேட்டையே வொரண்டிப் புத்தகம் என்று நம்பிப் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் பலரைச் சந்தித்திருக்கிறேன்.

கார் சேல் கொடுப்பது அவர்களுடைய சொந்த உத்தரவாதம். அதில் பெரும்பாலும் எஞ்சினும் கியர்ப்பெட்டியும் மட்டுமே இருக்கும். காலம் மாதக் கணக்கில் இருக்கும். ஹைபிரிட் பற்றரி உண்டா இல்லையா என்பதை எழுத்தில் தேடினால் கிடைக்காது, வாய்மொழியில் தாராளமாகக் கிடைக்கும். அந்தத் தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்பதையும், வாங்குபவர் அதைப் படிக்கும் நாள் சாவி கைமாறும் நாள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பின்னர் நடக்கும் வாக்குவாதங்களில் பாதி அந்த மேசையிலேயே விதைக்கப்படுவது புரியும்.

இனிக் குறைகளுக்கு வருவோம். வேலைப்பாட்டுக் குறை என்று சரியாகவே சொல்லக்கூடியவை, பார்வைக்குச் சிறியவையும் நிரூபிக்கக் கடினமானவையும் ஆகும். கதவுக்கும் உடலுக்கும் இடையேயுள்ள இடைவெளி ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் ஒடுங்கியும் இருப்பது, பெயின்ற் மெல்லியதாகப் பூசப்பட்டிருப்பது, ஹெட்லைட்டுக்குள் நீராவி படிவது, உட்புறப் பிளாஸ்ரிக் பலகைகளைப் பிடித்திருக்கும் கிளிப்புகள் சரியாக இறங்காமல் ஒலியெழுப்புவது முதலியவை அவை. மலையகத்தின் தட்பவெப்பம் இவை ஒவ்வொன்றையும் பெரிதாக்கிக் காட்டுகிறது. நுவரெலியாவில் ஜனவரி அதிகாலையில் 10 பாகைக்குக் கீழே இருந்த கார், அதே நாள் மதியம் கொழும்பில் 30 பாகையைத் தாண்டிய வெயிலில் நிற்கிறது. பிளாஸ்ரிக்கும் உலோகமும் வெவ்வேறு அளவில் சுருங்கி விரிவதால், குளிரில் இறுகி உராயும் பலகை வெயிலில் அமைதியாகிவிடுகிறது. காலையில் வீட்டு வாசலில் கறகறத்த கார், கம்பனி வேக்ஷொப்பில் ஊமையாக நிற்பது இதனால்தான்.

எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர், புதிய கார் ஒன்றின் முன்கதவிலிருந்து மழைநாளில் மட்டும் கால்விரிப்புக்குத் தண்ணீர் இறங்குவதாகக் கொழும்பிலுள்ள ஏஜென்ட்டிடம் கொண்டுபோனார். அன்று அங்கே நல்ல வெயில். கதவை இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்த உத்தியோகத்தர், "சேர், இது நோர்மல், மலைநாட்டு ஈரத்துக்குக் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஜொப் கார்ட்டில், அதாவது வேக்ஷொப்பின் வேலைப் பதிவுத் தாளில், என்ன எழுதப்பட்டது என்று பின்னர் கேட்டுப் பார்த்தபோது, 'பொதுப் பரிசோதனை, குறை எதுவும் காணப்படவில்லை' என்பது மட்டுமே இருந்தது. ஹட்டனில் உள்ள கராஜ் பாஸ் (மெக்கானிக்) ஒருவர் கதவின் உட்புற அட்டையைக் கழற்றிப் பார்த்து, உள்ளேயிருக்கும் நீர்த்தடுப்புத் தாள் ஒரு மூலையில் ஒட்டப்படாமல் தொங்குவதைக் காட்டினார். கதவின் கண்ணாடி வழியாக உள்ளிறங்கும் மழைநீர் அடியிலுள்ள வடிகால் துளைகளால் வெளியேறுவது எல்லாக் கார்களிலும் உள்ள ஏற்பாடுதான். அது உள்ளறைக்குள் வராமல் தடுப்பது அந்தத் தாள். அது ஒட்டப்படாமல் விடப்பட்டது தொழிற்சாலையின் குறை, சந்தேகமில்லாமல் வொரண்டிக்குள் வரவேண்டியது. ஆனால் வெளி ஆள் கதவைக் கழற்றிய பிறகு, அதே காரணத்தைச் சொல்லி ஏஜென்ட் கையை விரித்துவிட்டார். மூலையை ஒட்டப் பாஸ் வாங்கியது ஒரு சிறு தொகைதான். நண்பருக்கு வலித்தது கொழும்புக்குப் போய்வந்த செலவும், விடுப்பும், அந்த 'நோர்மல்' என்ற பதிலும்.

அந்தப் பதிலை நான் நேர்மையற்றது என்றே கருதுகிறேன். குறையைக் காண முடியவில்லை என்பது ஒரு பதில். அதைச் சொல்வதில் வெட்கமில்லை. காணாத குறையை வாகனத்தின் இயல்பு என்று சொல்வது வேறு. இதற்கு எதிராக வாடிக்கையாளர் செய்யக்கூடியது, முறைப்பாட்டைத் தன் சொற்களிலேயே ஜொப் கார்ட்டில் எழுதச் செய்வதும், 'மழையில் மட்டும்', 'அதிகாலைக் குளிரில் எஞ்சின் இயங்கத் தொடங்கிய உடனே', 'இரண்டாம் கியரில் ஏற்றத்தில்' என்று நிலைமையைக் குறிப்பிடுவதும், வெளி வெப்பநிலை தெரியும்படி டாஷ்போர்ட்டைச் சேர்த்துக் கைபேசியில் ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொள்வதும்தான். இயன்றால் ஓர் இரவு காரை அங்கேயே விட்டு, காலையில் தொழில்நுட்பவியலாளரோடு சேர்ந்து எஞ்சினை இயக்கிக் காட்டுவது இன்னும் நல்லது. கண்டியிலோ, நுவரெலியாவிலோ அங்கீகரிக்கப்பட்ட வேக்ஷொப் இருக்கும் கம்பனியின் காருக்கும், கொழும்பில் மட்டுமே இருக்கும் கம்பனியின் காருக்கும் இடையே விலையில் சிறிய வித்தியாசம் இருந்தால், அந்த வித்தியாசத்தை நான் தயங்காமல் கொடுப்பேன்.

பிரேக் பற்றிய முறைப்பாடுகள் வேறு வகை. கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலைப் பக்கம் இறங்கும்போதோ, நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக இறங்கும்போதோ ஸ்டியரிங் நடுங்குகிறது, பிரேக் பேட் தேய்ந்துவிட்டது, டிஸ்க் கோணிவிட்டது என்று வருபவர்களிடம், இவை தேய்மானப் பாகங்கள், வொரண்டியில் இல்லை என்று ஏஜென்ட் சொல்வார். எழுத்தின்படி அவர் சொல்வது சரி. பேட், டிஸ்க், கிளச் தட்டு, வைப்பர், பல்ப், டயர், பல வேளைகளில் 12 வோல்ட் பற்றரி ஆகியன விலக்குப் பட்டியலில் இருக்கும். எங்கள் இறக்கங்களில் பாதி தூரம் காலைப் பிரேக்கிலேயே வைத்திருக்கும் பழக்கத்துக்கு உற்பத்தியாளரைக் குறை சொல்லவும் முடியாது. கியரைக் குறைத்து எஞ்சினையே பிடியாக்கி இறங்குவதுதான் வழி. ஹைபிரிட் கார்களில் இதற்கு ஒரு விசேட சிக்கல் உண்டு. இறக்கத்தில் மோட்டார் மின்னாக்கியாக மாறிப் பற்றரியை நிரப்பியபடி வேகத்தைத் தணிக்கும். நீண்ட இறக்கத்தில் பற்றரி நிரம்பிவிட்டால் அந்தப் பிடி குறைந்து, பாரம் முழுவதும் சாதாரண பிரேக்குக்கு வரும். கியர் நெம்பில் 'B' என்ற நிலை கொடுக்கப்பட்டிருப்பது, எஞ்சினையும் பிடியாக்கும் இந்தத் தேவைக்காகத்தான். அதை 'P' போல நிறுத்தி வைக்கும் நிலை என்று நினைத்துத் தொடாமலே இருப்பவர்கள் உண்டு.

பிரேக் எண்ணெயைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் ஒரு வார்த்தை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 (DOT 3) என்ற பிரேக் எண்ணெய்த் தரத்தின்படி புதிய எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலையில் அந்தக் குறைந்தபட்ச எல்லை 140 பாகைக்கு வந்துவிடுகிறது. மாதக் கணக்கில் மூடுபனியில் நிற்கும் வாகனத்துக்கு, இரண்டாண்டுக்கு ஒரு முறை அதை மாற்றுவது மலையிறங்குபவருக்கு உயிரோடு தொடர்புடைய செலவு. 2023 ஜனவரியில் நானுஓயா ரதெல்லைக் குறுக்குப் பாதையில் நடந்த பஸ் விபத்துக்குப் பின்னும், இந்தப் பேச்சு எங்கள் சேர்விஸ் நிலையங்களில் தானாக எழுவதில்லை. வாடிக்கையாளர்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

கியர்ப்பெட்டியில்தான் நான் முதலில் சொன்ன விடயம் முழுவதுமாக வெளிப்படுகிறது. இன்றைய சிறிய குடும்பக் கார்களில் பல வகைத் தானியங்கிக் கியர்கள் இருக்கின்றன. இரண்டு கூம்புத் தட்டுகளுக்கிடையே உலோகப் பட்டி ஓடும் சிவிடி ஒரு வகை. சாதாரண கியர்ப்பெட்டியின் கிளச்சை ஓர் இயந்திரக் கை மிதித்துத் தரும் வகை இன்னொன்று. இரட்டைக் கிளச் கொண்டது வேறொன்று. டொயோட்டா ஹைபிரிட்டுகளில் 'சிவிடி' என்ற பெயரிலேயே இருந்தாலும் உள்ளே பட்டி இல்லாமல் கோள்சில்லுத் தொகுதியால் இயங்கும் அமைப்பு முற்றிலும் வேறு. வாங்குபவர்களுக்கு இவையெல்லாம் 'ஓட்டோ' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. சமதரையில் அடங்கலாம். வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையே ஐந்து பேரையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு, முன்னால் ஊர்ந்து செல்லும் லொறியின் பின்னால் நின்றும் நகர்ந்தும் ஏறும்போது, இவற்றின் குணங்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. எண்ணெயில் நனையாத உலர் கிளச்சாக இருந்தால், அது முழுவதும் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே ஊரும் ஒவ்வொரு கணமும் சூடு ஏறுகிறது. ஓர் எல்லையைத் தாண்டினால் வாகனமே எச்சரிக்கை காட்டி, நிறுத்தி ஆறவிடச் சொல்கிறது. பட்டியுள்ள சிவிடியில் அதே வெப்பம் எண்ணெய்க்குப் போகிறது. எண்ணெய் பழுதடைந்தால் பட்டி வழுக்கத் தொடங்குகிறது.

இரட்டைக் கிளச்சின் வரலாறு எங்கள் மக்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ளது. ஹொண்டா 2013 செப்டெம்பரில் ஜப்பானில் வெளியிட்ட, இரட்டை உலர் கிளச் கொண்ட புதிய ஃபிட் ஹைபிரிட்டை 2014 ஒக்டோபருக்குள் ஐந்து தடவை மீள அழைக்க நேர்ந்தது. அவற்றுள் சில அழைப்புகள் அதே கம்பனியின் வெசல் ஹைபிரிட்டுக்கும் பொருந்தின. கியர்ப்பெட்டியைக் கட்டுப்படுத்தும் மென்பொருளின் குறைகளும் அவற்றில் இருந்தன. கம்பனியின் தலைவர் உட்பட மேலதிகாரிகள் தங்கள் சம்பளத்தைத் தற்காலிகமாகக் குறைத்துக்கொள்ளும் அளவுக்கு அது சென்றது. அதே ஆண்டுகளில்தான் இலங்கையில் வெசல் மோகம் உச்சத்தில் இருந்தது. மென்பொருள் குறை வேலைப்பாட்டுக் குறை என்பதால் மீள அழைக்கப்பட்டுத் திருத்தப்பட்டது. உலர் கிளச் நின்று ஊரும் ஏற்றத்தில் சூடாகும் என்பதோ அந்த அமைப்பின் இயல்பு. அதற்கு மீள்அழைப்பு வராது. இந்த வேறுபாட்டை அறிந்தவர், ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரால் காரைத் தாங்கி நிறுத்தாமல் பிரேக்கில் நிறுத்தி, முன்னால் இடைவெளி விட்டு ஒரே மூச்சில் ஏறுவார். அறியாதவர் கிளச்சையும் மாற்றி, கம்பனியையும் திட்டுவார்.

எஞ்சினும் இதே கணக்குத்தான். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கரையோரத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்றை அழுத்தி ஊட்டும் டேர்போ இல்லாத எஞ்சினின் வலுவும் அதே அளவில் குறையும். ஜப்பானின் கே வகைச் சிறு கார்களுக்கு 660 சிசி என்பது சட்டப்படியான எல்லை. அந்தக் கார்கள் ஜப்பானிய நகரத்தின் குறுகிய தெருவுக்காகவும், வரிச்சலுகைக்காகவும் பிறந்தவை. கொழும்பில் அவை கச்சிதமாக ஓடுகின்றன. அவற்றில் நான்கு பெரியவர்களை ஏற்றிக்கொண்டு மேலே வரும்போது, கட்டுமானம் மட்டம் என்று சொல்வது நியாயமில்லை. ஆட்டுக்குட்டியை ஏரில் பூட்டிவிட்டு அது இழுக்கவில்லை என்று சந்தைக்காரனிடம் சண்டைக்குப் போக முடியாது.

இதில் என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. உற்பத்தியாளர்களுக்கு மலையைப் பற்றித் தெரியாது என்றில்லை. ஜப்பானியச் சேர்விஸ் புத்தகங்களில் 'கடினமான பாவனை' என்று ஒரு தனிப் பகுதி உண்டு. ஓடும் தூரத்தில் 30 சதவீதமோ அதற்கு மேலோ ஏற்ற இறக்கமுள்ள மலைப்பாதையாக இருந்தால், வாகனம் அந்த வகைக்குள் வருகிறது. எஞ்சின் எண்ணெய் முதலான சில வேலைகளைச் சாதாரண இடைவெளிக்கு முன்னதாக, பல மாதிரிகளில் பாதி இடைவெளியிலேயே, செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது. எங்களுக்கு 30 சதவீதம் எங்கே, முழுத்தூரமும் மலைப்பாதைதான். அந்தப் பக்கம், வொரண்டிப் புத்தகம் என்று நம்பி நாங்கள் பத்திரப்படுத்தும் அதே ஜப்பானியக் கையேட்டுக்குள் படிக்கப்படாமல் கிடக்கிறது. ஏஜென்ட் விற்கும் கார்களின் ஆங்கிலக் கையேடுகளிலும் இத்தகைய பகுதி பெரும்பாலும் உண்டு. அதைச் சொல்லாமல் 10,000 கிலோமீற்றருக்கு ஒரு முறை வந்தால் போதும் என்று ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிவிட்டு, பின்னர் எண்ணெய்க் கசடு கண்டால் 'பராமரிப்புக் குறைவு' என்று கோரிக்கையை மறுக்கும் விற்பனையாளர், தன் தொழிலின் பாதியைச் செய்யவில்லை என்பேன். கையேட்டுப் பக்கத்தைக் கைபேசியின் மொழிபெயர்ப்பு வசதியால் படம்பிடித்துப் படிக்கலாம். டாஷ்போர்ட்டில் ஜப்பானிய மொழியில் வரும் எச்சரிக்கைகளுக்கும் அதே வழிதான். அந்த எச்சரிக்கையை வானொலிச் செய்தி என்று நினைத்து அழுத்தி அணைத்துவிட்டு ஓட்டியவர்களின் கதைகள் கராஜ்களில் ஏராளம்.

கட்டுமானத் தரம் என்ற சொல்லைக் கேட்டால் இங்கே பலர் ஜப்பான் என்பதையே பதிலாகச் சொல்வார்கள். அந்த நம்பிக்கையைச் சற்றுத் தளர்த்திக்கொள்ள 2023 டிசம்பர் ஒரு காரணம். சிறு கார்களுக்குப் பெயர்பெற்ற டைஹட்சு நிறுவனம், பாதுகாப்புச் சோதனைகளில் பல ஆண்டுகளாக முறைகேடுகள் செய்துவந்ததை ஒரு சுயாதீனக் குழு வெளிப்படுத்தியது. 64 மாதிரிகள் சம்பந்தப்பட்டிருந்தன; அவற்றுள் டொயோட்டாவின் பெயரில் விற்கப்படுபவையும் இருந்தன; மிகப் பழைய முறைகேடு 1989ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கம்பனி தன் எல்லா மாதிரிகளின் விநியோகத்தையும் நிறுத்தியது. அதே ஆண்டு மே மாதத்தில், இங்கே பலர் விரும்பும் டொயோட்டா ரைஸின் ஹைபிரிட் வகையில், பக்கவாட்டுக் கம்ப மோதல் சோதனையின் தவறு காரணமாக விற்பனை இடைநிறுத்தப்பட்டிருந்தது. பின்னர் ஜப்பானிய அரசின் மறுபரிசோதனைகளுக்குப் பிறகு உற்பத்தி படிப்படியாகத் தொடங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் கார்களெல்லாம் ஆபத்தானவை என்று முடிவு கட்டுவதற்கு அது இடம் தரவில்லை. ஆனால் கதவு 'டப்' என்று கனமாக மூடும் ஒலியை வைத்துத் தரத்தை அளக்கும் எங்கள் வழக்கம், இத்தகைய விடயங்களின் பக்கத்தில்கூட வராது.

மீள்அழைப்புத்தான் கார் சேல் வழியாக வாங்கியவர்களுக்கு உண்மையான இழப்பு. ஜப்பானில் உரிமையாளருக்குக் கடிதம் போகும், பாகம் இலவசமாக மாற்றப்படும். கார் நாட்டைவிட்டு வெளியேறிய பின் அந்தக் கடிதம் யாருக்கும் வராது. டக்காட்டா காற்றுப்பை விவகாரத்தில் இதன் ஆபத்து தெரிந்தது: அமோனியம் நைத்திரேற்று எரிபொருள் வெப்பத்திலும் ஈரத்திலும் ஆண்டுக்கணக்கில் சிதைந்து, பை விரியும்போது அதன் உலோகக் கூட்டையே சிதறடித்தது. வெப்பமும் ஈரமும் மிகுந்த எங்கள் போன்ற நாடுகளுக்கே அது கூடுதலாகப் பொருந்தும். ஜப்பானிய உற்பத்தியாளர்களின் இணையத்தளங்களில் சேசி இலக்கத்தை இட்டால், அந்த வாகனத்துக்கு நிலுவையிலுள்ள மீள்அழைப்பு உண்டா என்று பார்க்க முடியும். அதை வாங்கும் முன் செய்வது, ஜப்பானிய ஏலத்தில் காரின் நிலைக்குப் புள்ளியிடும் ஏலத் தாளில் தரம் நான்கா நான்கரையா என்று விவாதிப்பதைவிடப் பயனுள்ளது.

சட்டம் எங்களுக்கு என்ன தருகிறது? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ கொடுக்கப்பட்ட உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றி அதிகாரசபையிடம் முறையிட இடமளிக்கிறது. மாவட்ட அலுவலகங்கள் இருக்கின்றன, 1977 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. ஆனால் முறைப்பாடு எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் கொடுக்கப்பட வேண்டும் என்பது அந்தப் பிரிவின் நிபந்தனை. பெப்ரவரியில் வாங்கிய காரின் கதவு தென்மேல் பருவமழையில்தான் கசியும். அதற்குள் மூன்று மாதம் கடந்துவிடும். அதனால் சிறிய குறையையும் முதல் சேர்விஸிலேயே எழுத்தில் ஏற்றிவிடுவது, பின்னால் வாதாடுவதற்கான ஒரே அடிப்படை.

இன்னும் பழைய சட்டம் ஒன்று இருக்கிறது: 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். வாங்குபவர் தன் தேவை இன்னதென்று விற்பவருக்குத் தெரியப்படுத்தி, அவருடைய திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்கு நியாயமான அளவில் பொருத்தமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அது மறைமுகமாகச் சேர்க்கிறது. மலையகத்துக் கார்க்காரருக்கென்றே எழுதியதுபோல் தோன்றும் இந்த வாசகத்துக்கு ஒரு விலக்கும் உண்டு: குறித்த ஒரு பொருளை அதன் வணிகப் பெயரால் கேட்டு வாங்கினால் அந்த நிபந்தனை பொருந்தாது. "எனக்கு இந்த மாதிரிதான் வேண்டும்" என்று பெயர் சொல்லிக் கேட்டு முற்பணம் கட்டுபவர், தன் வாதத்தைத் தானே பலவீனப்படுத்துகிறார். "தினமும் தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்கு நான்கு பேரோடு ஏறி இறங்க வேண்டும், எது பொருத்தம்?" என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் பெற்றவர் சற்றுப் பலமான இடத்தில் நிற்கிறார். நான் சட்டத்தரணி இல்லை. பெரிய தொகை என்றால் ஒருவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அண்மையில் உறவினர் ஒருவர் கண்டியில் ஒரு கார் சேலில் ஹைபிரிட் ஒன்றை வாங்கும்போது இதைச் செய்து பார்த்தார். முதலில் அவர்கள் கொடுத்த அச்சடித்த தாளில் எஞ்சினும் கியரும் மட்டுமே இருந்தன. ஹைபிரிட் பற்றரியையும் இன்வேர்ட்டரையும் சேர்க்கும்படி கேட்டபோது, "அண்ணே, அதெல்லாம் எழுதத் தேவையில்ல, நாங்க இருக்கோம்தானே" என்றார் விற்பனையாளர். "நீங்க இருப்பீங்க தம்பி, இந்தத் தாளும் இருக்கட்டும்" என்றார் இவர். பேரம் அரைமணி நேரம் இழுபட்டது. விலையில் ஒரு ரூபாயும் குறையவில்லை. கடைசியில் தாளின் அடியில் பேனாவால் இரண்டு வரிகள் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார்கள்: பற்றரியும் இன்வேர்ட்டரும் ஆறு மாதங்களுக்கு, கிலோமீற்றர் எல்லை இல்லாமல், பழுது பார்ப்பது கொழும்பில் இல்லாமல் கண்டியிலேயே. முற்பணம் கட்டும் முன் கடுகண்ணாவை ஏற்றத்தில் நான்கு பேரோடு ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்கு மட்டும் அவர்கள் கடைசிவரை சம்மதிக்கவில்லை. இலக்கத்தகடு வராத வாகனத்தை அவ்வளவு தூரம் கொண்டுபோக முடியாது என்றார்கள். அதற்குப் பதிலாக, அதே மாதிரிக் காரை ஏற்கெனவே வாங்கிய கம்பளைக்காரர் ஒருவரின் இலக்கத்தைக் கொடுத்தார்கள். உறவினர் அவரோடு பேசி, அவருடைய காரிலேயே ஏறிப் பார்த்துவிட்டுத்தான் பணத்தைக் கட்டினார்.